சிவந்த வேர்

ஏலாவின் கடைசி வரப்பில், ஊற்று வெள்ளம் தேங்குகிற மூலையில், எப்போதும் ஒரு படலம் மிதக்கும். மயில் கழுத்தின் நிறத்தில் மின்னும். பம்புசெட்டுக்கு ஊற்றிய டீசலை யாரோ சிந்திவிட்டார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டா ஓர் ஈர்க்கிலை ஒடித்து என் கையில் தந்தார்.

"தொட்டுப் பாரு மக்கா."

தொட்டேன். படலம் கண்ணாடிச் சில்லுபோல உடைந்து, துண்டு துண்டாகத் தனித்து நின்றது.

"எண்ணெயானா மறுபடியும் கூடிரும். இது ஒடஞ்சா ஒடஞ்சதுதான், பாத்தியா? இது மண்ணுக்க வேல. இரும்பு வெள்ளம்."

பிறகு அவர் சேற்றில் இறங்கி ஒரு நெல் தூரைப் பிடுங்கி, ஓடையில் நாலு தடவை அலசி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். வேர்க்கற்றை முழுக்கத் துருப்பிடித்த கம்பிபோலச் சிவந்திருந்தது. ஒவ்வொரு வேரின் நுனியும் மட்டும், இப்போதுதான் முளைத்த பல்போல வெள்ளை. சீக்கு வந்த செடி என்று நினைத்து முகம் சுளித்தேன். பாட்டா சிரித்தார். "சீக்கு வந்தா வேரு கறுத்துப் போவும், கூமுட்ட மணம் வரும். செவந்த வேரு நல்ல வேரு."

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் புரிந்துகொள்ள முப்பது வருடம் ஆயிற்று.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்களின் நில அமைப்பை ஒரு கையை விரித்தே காட்டிவிடலாம். விரல்கள் விளைகள், அங்கே ரப்பர், மரச்சீனி, தென்னை, தென்னையில் ஏறிய நல்லமிளகு. விரலிடுக்குகள் ஏலாக்கள், அங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்தோம். ஏலாக்களில் பாதிக்குமேல் இப்போது வாழையும் மரச்சீனியும் ஏறிவிட்டன. கேரளத்தில் 2008-லேயே வயல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வயல்தான் திரும்பி வரவில்லை.

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்தின் பெயரே செங்கல். மதுரைக்காரர் ஒருவர் இதைக் கேட்டால் சூளையைத் தேடுவார். மலையாளத்தில் அந்தச் சொல் மண்ணிலிருந்து நேரே பாளம் பாளமாக வெட்டி எடுக்கிற வெட்டுக்கல்லைக் குறிக்கும். வெட்டும்போது கத்திக்கு வழிவிடும். காற்றுப் பட்டால் இறுகிவிடும். எங்கள் பழைய வீடுகளின் சுவரும் கிணற்றின் சுற்றும் இந்தக் கல்தான். மலபாரில் அங்காடிப்புரத்தில் இதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-ல் வெளிவந்த தம் பயண நூலில் இதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். லத்தீனில் லேட்டர் என்றால் செங்கல். தமிழும் மலையாளமும் லத்தீனும் ஒரே கல்லில் வந்து முட்டிக்கொண்டதை நினைத்தால் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

இந்தக் கல்லின் பிறவிக் கதை மழையின் கதை. யுகக்கணக்கான மழை பாறையிலிருந்த சுண்ணாம்பையும் சாம்பல் சத்தையும் சிலிக்காவையும் கழுவிக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிட்டது. கரையாமல் நின்றவை இரும்பும் அலுமினியமும். அந்த இரும்பின் துருதான் எங்கள் மண்ணின் சிவப்பு. மேட்டு விளையில் அது துருவாகவே கிடக்கும், யாரையும் ஒன்றும் செய்யாது. ஏலாவில் வெள்ளம் கட்டியதும் கதை மாறுகிறது. சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். மூச்சுக்கு வேறு வழியில்லாதபோது அவை துருவையே பிடித்துக்கொள்கின்றன. துரு உடைந்து, நீரில் கரைகிற இரும்பாக மாறுகிறது. மேட்டிலிருந்து கசிந்துவரும் ஊற்றும் தன் பங்குக்குக் கொண்டுவந்து கொட்டும். பாட்டா காட்டிய மூலை அப்படி இரும்பு சேர்கிற மூலை.

நெல்லுக்கு இரும்பு வேண்டும். இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. வேண்டியதற்கு மேல் போனால் அதே இரும்பு செல்லுக்குள் தீப்பொறி கிளப்பும். அடி இலைகளின் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் இறங்கி இலை முழுக்க வெண்கல நிறமாகும். கேரளத்தின் வெட்டுக்கல் மண்ணில் நெல் வைக்கிற யாரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அமிர்தமும் விஷமும் ஒன்றே, அளவுதான் வேறு என்று நம் பெரியவர்கள் உணவைப் பற்றிச் சொன்னதை நெல் தன் வேரில் தினமும் வாழ்ந்து காட்டுகிறது.

அது எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் நான் கை கூப்பி நிற்கிறேன்.

நெல்லின் தண்டைக் குறுக்கே நறுக்கி ஒரு சாதாரண உருப்பெருக்கியில் பாருங்கள். சல்லடைபோலக் குழல்கள் தெரியும். இலையில் நுழைந்த காற்று இந்தக் குழல்கள் வழியாகத் தண்டில் இறங்கி, வேரின் நுனிவரை போகிறது. முங்கு நீச்சல்காரன் வாயில் வைத்த குழாய் மாதிரி. சேற்றில் மூச்சுமுட்டாமல் நெல் நிற்பதற்கு இது ஒரு காரணம். அதோடு முடிந்திருந்தால் தாமரையும் இதைத்தான் செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். நெல் வேர் தனக்கென்று வந்த மூச்சில் கொஞ்சத்தை வெளியே, சேற்றுக்குள், விட்டுவிடுகிறது. வேரைச் சுற்றி ஒரு மயிரிழை அகலத்துக்கு ஆக்சிஜன் உள்ள ஒரு வட்டம் உண்டாகிறது. கரைந்த இரும்பு அந்த வட்டத்துக்குள் கால் வைத்ததும் திரும்பத் துருவாகி, வேரின் மேலேயே படிந்துவிடுகிறது. வாசலுக்கு வெளியே வைத்தே எதிரியின் கையைக் கட்டுகிற வேலை. பாட்டா கையிலிருந்த வேரின் சிவப்பு அந்தப் படிவுதான். நுனி வெள்ளையாக இருந்தது, அது நேற்றும் இன்றும் வளர்ந்த வேர் என்பதால். கறுத்த வேருக்கும் காரணம் உண்டு: மூச்சு நின்று, கந்தக வாயு ஜெயித்துவிட்ட வேர் அது. கூமுட்டை மணம் அந்த வாயுவின் மணம்.

இந்தச் சிவப்புச் சட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. துருவுக்கு ஆர்செனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்பு இருக்கிறது. கிணற்று நீரிலிருந்து ஆர்செனிக்கை நீக்கும் வடிகட்டிகள் பலவற்றிலும் இரும்புத் துருதான் வேலை செய்கிறது. மனிதன் அதைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே நெல் அதை உடுத்திக்கொண்டு சேற்றில் நின்றிருக்கிறது.

(எங்கள் வீட்டுச் சோறும் சிவப்புதான். சிவந்த வேரிலிருந்து வந்த இரும்புதான் அரிசியில் ஏறியிருக்கிறது என்று ஒரு உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் அடித்துச் சொன்னார். இல்லை. அது தவிட்டிலுள்ள ஒரு சாயம். வேறு கதை.)

இரும்பை அடக்க விவசாயி நெல்லுக்குக் கொடுக்கிற கைத்துணை சுண்ணாம்பு. ஹெக்டேருக்கு 600 கிலோ. முதல் உழவில் 350, நட்டு ஒரு மாதம் கழித்து 250 என்று இரண்டு தடவையாகப் போடச் சொல்கிறது கேரள வேளாண் பல்கலைக்கழகம். புளித்த மண்ணில் உலோகம் சுலபமாகக் கரையும். சுண்ணாம்பு புளிப்பை முறித்தால் உலோகம் அடங்கும். கடற்கரையிலிருந்து வரும் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பாட்டா காலத்தில் கூடையில் சுமந்து வந்தார்களாம்.

இரும்பு நாம் வைத்ததல்ல, மண் தந்தது. கேட்மியம், ஈயம், ஆர்செனிக், பாதரசம், குரோமியம் என்று வரிசையாகச் சொல்லப்படுகிற கன உலோகங்களில் பெரும்பகுதி நாம் கொண்டுவந்து போட்டவை. பாஸ்பேட் உரம் செய்கிற பாறையில், அது எந்தச் சுரங்கத்துப் பாறையோ அதைப் பொறுத்து, கொஞ்சமோ அதிகமோ கேட்மியம் இருக்கும். அமரவிளை, பாறசாலை, களியிக்காவிளை என்று எங்கள் நடுவே ஓடும் தேசிய நெடுஞ்சாலையில் 2000-ஆம் ஆண்டுவரை ஓடிய வண்டிகள் பெட்ரோலில் கலந்த ஈயத்தைப் புகையாக விட்டுக்கொண்டே போயின. இந்தியா அந்த ஆண்டில்தான் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியது. புகை போய்விட்டது, மண்ணில் இறங்கிய ஈயம் லேசில் போகாது.

இந்த உலோகங்கள் பயிருக்குத் தேவையே இல்லை. பிறகு ஏன் அவை உள்ளே போகின்றன? ஆள்மாறாட்டம். வேரின் தோலில் ஒவ்வொரு சத்துக்கும் ஒரு வாசல் உண்டு. நெல்லில் மாங்கனீசுக்கென்று இருக்கிற வாசலில் கேட்மியம் மாங்கனீசு வேஷம் கட்டி நுழைகிறது. ஆர்செனிக்குக்கு இரண்டு வேஷம்: காய்ந்த நிலத்தில் மணிச்சத்துபோல, வெள்ளம் கட்டிய வயலில் சிலிக்காபோல. நெல் சிலிக்காவை அள்ளி அள்ளிக் குடிக்கிற பயிர். அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குவரைகூட சிலிக்கா சேரும். இலை விளிம்பு கையைக் கிழிப்பதும் உமிச்சாம்பல் பாத்திரம் துலக்க உதவுவதும் அதனால்தான். அந்தச் சிலிக்கா வாசலை ஜப்பானில் ஜியான் ஃபெங் மா என்ற ஆய்வாளரின் குழு 2006-ல் அடையாளம் கண்டது. இரண்டு வருடம் கழித்து, ஆர்செனிக் நுழைவதும் அதே வாசலில்தான் என்று அவர்களே சொன்னார்கள். வாசலைச் சாத்தினால் பயிர் பட்டினி கிடக்கும். திறந்து வைத்தால் திருடனும் வருவான்.

ஜப்பானியர் இதில் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. தோயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் இருந்த சுரங்கத்திலிருந்து கேட்மியம் ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் வயலுக்குப் பாய்ந்தது. அரிசி தின்ற பெண்களின் எலும்பு மென்மையாகி, இருமினால்கூட முறிந்தது. நோய்க்குப் பெயரே 'இத்தாய் இத்தாய்'. வலிக்குது, வலிக்குது என்று அர்த்தம். 1968-ல் அரசு அதைச் சுற்றுச்சூழல் மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. நாற்பத்துச் சொச்சம் வருடம் கழித்து, 2012-ல், கோஷிஹிகாரி என்ற அவர்களுடைய பிரியமான நெல்லின் விதைகளில் கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, அந்த மாங்கனீசு வாசல் பழுதான ஒரு நெல்லை எடுத்தார்கள். அதன் அரிசியில் கேட்மியம் கிட்டத்தட்ட இல்லை.

அது மனிதன் செய்த வேலை. வாசல் திறந்தே இருக்கும்போது செடி என்ன செய்கிறது என்பதே எனக்குப் பெரிய அதிசயம்.

1985-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் கிரில், வின்னாக்கர், ஜென்க் என்ற மூவர் ஒரு செடியின் செல்களைக் குடுவையில் வளர்த்து, அதில் கேட்மியத்தைக் கலந்தார்கள். செல்கள் சாகவில்லை. அதுவரை செடியில் யாரும் காணாத ஒரு சிறு புரதச் சங்கிலி அவற்றுக்குள் பெருகி, கேட்மியத்தை நாலா பக்கமும் பிடித்துக் கட்டியிருந்தது. ஃபைட்டோகெலேட்டின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு தேடத் தேட நெல், கோதுமை, தக்காளி, மரம், பாசி என்று எங்கும் அது இருந்தது. மூவரும் குடுவையில் வளர்த்த அந்தச் செடி எது தெரியுமா? சர்ப்பகந்தி. எங்கள் பக்கம் அமல்பொரி என்பார்கள். பாம்புக்கடிக்கும் சித்தபிரமைக்கும் நம் வைத்தியர்கள் வேரை அரைத்துக் கொடுத்த அதே செடி. ரத்த அழுத்தத்துக்கு மருந்து தந்த செடி. உலக வேதியியலுக்கு விஷமுறிவைச் சொல்லிக் கொடுக்க நம் வேலியோரத்துச் செடியே போயிருக்கிறது.

அந்தச் சங்கிலி உருவாகும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செல்லில் எப்போதும் குளுட்டாதயோன் என்ற ஒரு சின்னப் பொருள் இருக்கும். மூன்றே அமினோ அமிலங்கள் கோத்தது. கோர்க்கும் நொதியும் தயாராகக் காத்திருக்கும். ஆனால் கை ஓங்காது. உலோகம் செல்லுக்குள் வந்து குளுட்டாதயோனைத் தொட்டால்தான் நொதி விழிக்கும். ஒன்றோடொன்றாகக் கோத்து, இரண்டு முதல் பதினொரு கண்ணிவரை சங்கிலி நீளும். கடைசி உலோகத் துணுக்கும் கட்டப்பட்டதும் நொதி தானாகவே ஓய்ந்துவிடும். திருடனே மணியடித்துக் காவல்காரனை எழுப்புகிறான். திருடனைக் கட்டி முடித்ததும் மணி நிற்கிறது. ஒரு துளி வீண்செலவு இல்லை. இதை வடிவமைத்தவனுக்கு முன்னால் நம் வீட்டு மின்சாரக் கணக்கை நினைத்து நான் வெட்கப்படுகிறேன்.

கட்டுகிற கயிறு கந்தகம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கந்தகம் உட்கார்ந்திருக்கிறது. உலோகத்தைக் கண்டால் விடாது. இந்தக் கந்தகச் சேர்மங்களுக்கு 1830-களில் டென்மார்க் வேதியியலாளர் சைஸ் வைத்த பெயர் மெர்காப்டன். பாதரசத்தைப் பிடிப்பது என்று லத்தீனில் பொருள். நம் சித்த வைத்தியருக்கு இது புதிதாக இருந்திருக்காது. ஓடுகிற ரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துக் கட்டி லிங்கமாக்கியவர்கள் அவர்கள். இதை வைத்து நாம் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்று மார்தட்ட மாட்டேன். ரசமும் கந்தகமும் ஒன்றையொன்று விடாது என்பதை அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கண்டார்கள், அவ்வளவே. அதற்கே பொறுமை வேண்டும். மனித உடலிலும் இதேபோன்ற ஒரு கந்தகக் கயிறு இருக்கிறது. 1957-ல் குதிரையின் சிறுநீரகத்தில் முதலில் பார்த்தார்கள். நம் ஈரலிலும் இருக்கிறது. நெல்லுக்கும் நமக்கும் ஒரே கந்தகத்தில் திரித்த கயிறு.

கட்டிய உலோகத்தை என்ன செய்வது? செடிக்குச் சிறுநீர் கிடையாது, வியர்வையும் கிடையாது. உள்ளேயே ஓர் அறையில் தள்ளிப் பூட்டுகிறது. செடியின் செல்லில் பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நீர்ப்பை, வேக்யுவோல் என்பார்கள், அதுதான் அறை. இந்த அறையின் உபயோகம் எங்கள் மரச்சீனிக்கு நன்றாகத் தெரியும். மரச்சீனி தானே சயனைடு செய்கிற பயிர். சயனைடுக்கு மூலமான சர்க்கரைச் சேர்மத்தை நீர்ப்பைக்குள்ளும், அதை உடைக்கிற நொதியைச் செல் சுவரிலும் தனித்தனியே வைத்திருக்கும். ஆடு கடித்து நசுக்கினால்தான் இரண்டும் சந்திக்கும். கிழங்கை வெட்டி அவித்து வெள்ளத்தை ஊற்றிவிட்டுத் தின்கிற நம் வழக்கம் இதற்குத்தான். சொந்த விஷத்துக்கும் வந்த விஷத்துக்கும் ஒரே பூட்டு.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பியபோது இந்தப் பூட்டைப் பற்றி அறிந்திருக்க வழியில்லை. ஆனால் இந்த மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கிழங்கை அவர் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. புளித்த மண்ணில் கரைந்த அலுமினியம் பல பயிர்களின் வேர்நுனியைத் தீய்த்துவிடும். மரச்சீனி அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. (அலுமினியம் கன உலோகம் அல்ல, லேசான உலோகம், ஆனாலும் தொல்லையில் அண்ணன்.) கோதுமையின் சில ரகங்கள் அலுமினியத்தை உணர்ந்ததும் வேர்நுனியிலிருந்து மாலிக் அமிலத்தை மண்ணில் கசியவிட்டு, வெளியிலேயே அதைக் கட்டிப்போடுகின்றன. ஆப்பிளின் புளிப்பு அதே அமிலம்தான். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் வயிற்றைக் காத்தது மரச்சீனிதான். 1963-ல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் கிழங்குகளுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் வந்தது.

நெல்லுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டியதில் சிறந்தது இன்னும் பாக்கி.

சிவப்புச் சட்டையைத் தாண்டி, வேருக்குள் மெழுகுபோன்ற ஒரு பட்டைத் தடையைத் தாண்டி, வேர்ச் செல்களின் பூட்டுக்கும் தப்பி, கொஞ்சம் ஆர்செனிக் தண்டில் ஏறிவிட்டது என்று வையுங்கள். கதிருக்குப் போகும் வழியில் கணுக்கள் இருக்கின்றன. வைக்கோலை ஒடிக்கும்போது தடுக்குமே, அந்த முடிச்சு. ஏதோ தண்டுக்குப் பலம் தருவதற்காக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணு ஒரு பிரிவுத் தபால் நிலையம். எந்தச் சத்து இலைக்கு, எது கதிருக்கு என்று அங்கேதான் பிரிகிறது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், கணுவிலிருக்கும் செல்கள் ஆர்செனிக்கைச் சங்கிலியோடு பிடித்துத் தங்கள் நீர்ப்பைக்குள் அடைப்பது தெரியவந்தது. அந்த ஒரு மரபணுவை முடக்கிய நெல்லில் அரிசிக்குப் போன ஆர்செனிக் கூடிவிட்டது. கதிருக்கு அடியிலிருக்கும் கடைசிக் கணுவரை நெல் இப்படி விஷத்தை நிறுத்தி நிறுத்தி வைக்கிறது. பெரும்பாலான பயிர்களில் உலோகம் அதிகம் கிடப்பது வேரில், அடுத்தது தண்டிலும் இலையிலும், மிகக் குறைவாக விதையில். பிள்ளைக்குப் போகாமல் தாய் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். நெல்லுக்குத் தன் விதைதான் பிள்ளை. நாம் அதைப் பறித்துத் தின்கிறோம் என்பதால் நமக்கும் அந்தக் காவல் கிடைக்கிறது. நமக்காகச் செய்கிறது என்று நினைத்தால் அது நம் ஆணவம்.

மேட்டு விளைக்கு ஏறினால் அங்கே உலோகம் செம்பு. இடவப்பாதி மழைக்கு முன்னால் ரப்பர் இலை உதிராமலிருக்கத் துரிசு, அதாவது மயில்துத்தம், கலந்து அடிப்பார்கள். மிளகுக் கொடிக்கும் கமுகுக்கும் அதே மருந்து. 1 கிலோ துரிசு, 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் வெள்ளம். பிரான்சில் போர்தோ பக்கம் வழிப்போக்கர் திராட்சையைத் திருடாதிருக்க, பார்த்தாலே பயம் வரும்படி கொடியில் தெளித்த நீலக் கலவை இது. தெளித்த கொடிக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதைக் கவனித்த மில்லார்தே 1885-ல் அதை மருந்தாக வெளியிட்டார். எங்கள் மாமா கலக்கும்போது தகரப் பாத்திரத்தைத் தொட விடமாட்டார், பிளாஸ்டிக் தொட்டிதான். கலந்து முடித்ததும் தீட்டிய கத்தியை அதில் முக்கி, ஒரு நிமிடம் வைத்து எடுப்பார். கத்தியில் செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. கத்தி வெள்ளையாக வந்தால் அடிக்கலாம். இலையைக் கருக்காத கலவை எது என்று ஓர் இரும்புக் கத்தி சொல்லிவிடும்.

செம்பு பயிருக்கு வேண்டிய உலோகம்தான், ஒளிச்சேர்க்கையே அது இல்லாமல் நடக்காது. வேண்டுவது துளி. வருடா வருடம் அடித்த செம்பு மேல்மண்ணின் மக்கிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அளவு மீறினால் வேர் குட்டையாகிப் பழுப்பேறித் தடிக்கும். ரப்பர் பாலில் செம்பு விழுந்தால் ரப்பர் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும் என்பது பால் வெட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

ஆனால் உலோகத்தையே பாலாகச் சுரக்கிற மரமும் உண்டு. பசிபிக்கில் நியூ கலிடோனியா தீவில், சப்போட்டா குடும்பத்து மரம் ஒன்று. பட்டையைக் கீறினால் நீலப்பச்சைப் பால் வடியும். காய்ந்த பாலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிக்கல் என்று 1976-ல் எழுதினார்கள். எங்கள் ஊர் வெட்டுக்காரர் யாராவது அதிகாலையில் ஹெட்லைட்டோடு அந்த மரத்தில் கத்தி வைத்திருந்தால் சிலுவை போட்டிருப்பார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கிணற்றடிக்கு வாருங்கள். காரை பூசிய பழைய சுற்றுச்சுவரில் ஏணிபோல இலை விரித்து ஒரு பெரணி நிற்கும், டெரிஸ் விட்டாட்டா. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. 2001-ல் அமெரிக்காவின் புளோரிடாவில், மரத்துக்கு மருந்தேற்றி மூடிப்போன ஒரு பழைய பட்டறை நிலத்தில், லேனா மா என்ற பெண் விஞ்ஞானி இதே பெரணி செழித்து நிற்பதைக் கண்டார். மண்ணில் ஆர்செனிக். சோதனையில் ஒரு கிலோ காய்ந்த இலையில் 22 கிராமுக்கு மேல் ஆர்செனிக்கை ஏற்றிக் காட்டியது அது. நெல் வேரிலேயே நிறுத்துகிற விஷத்தைப் பெரணி தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. அந்த நிலத்தைக் கெடுத்தது குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் கலந்த மர மருந்து. அதை 1933-ல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் சோண்டி காமேசம் என்ற இந்தியர். மருந்தும் நம் நாட்டிலிருந்து போனது; மருந்தின் விஷத்தை உறிஞ்சுகிற செடியும் நம் கிணற்றுச் சுவரிலேயே நிற்கிறது. படைத்தவனுக்கு நகைச்சுவை உண்டு என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனை காவலும் அளவுக்கு உட்பட்டதுதான். ஜின்சு ஆற்றங்கரை நெல்லுக்கும் சிவந்த வேர் இருந்தது, கந்தகக் கயிறு இருந்தது, கணு இருந்தது; கொட்டியது தாங்க முடியாத அளவுக்குப் போனபோது அரிசிவரை வந்துவிட்டது. கேட்மியத்தை மண்ணிலிருந்து சுலபமாக இலைக்கு ஏற்றுகிறவற்றில் நம் கீரைகள் முன்வரிசை. விதையைக் காக்கிற கணுக்காவல் கீரையில் நமக்கு உதவாது, ஏனென்றால் நாம் தின்பதே இலை. சாக்கடை ஓரத்தில், பழைய பேட்டரி உடைத்த இடத்தில், குப்பை எரித்த சாம்பல் மேட்டில் கீரை விதைக்காதீர்கள். தெளித்து மிஞ்சிய துரிசுக் கலவையை ஓடையில் ஊற்றாதீர்கள்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு முதல் வாழைக்குலையும் மரச்சீனி மூடும் சேனையும் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஒரு செவ்வாழைக் குலைக்கு ஊரே போட்டி போடும். நெல்லென்றால் கதிர்க்கட்டுதான் வரும். போன வருடம் நான் ஒரு தூரை வேரோடு பிடுங்கி, அலசி, அந்தச் சிவப்பு தெரியும்படி வைத்தேன். கோயில்பிள்ளை அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அழுக்கு என்று நினைத்திருப்பார். ஏலத்தில் யாரும் கேட்கவுமில்லை.

கும்பப்பூ நட்டு ஒரு மாதம் கழித்து எங்கள் பக்கம் வந்தால், ஏதாவது ஓர் ஏலாவில், கேட்டுக்கொண்டு, ஒரு தூரைப் பிடுங்கி ஓடையில் அலசிப் பாருங்கள். பார்த்த பிறகு அதே குழியில் திரும்ப வைத்து, சேற்றை அணைத்துவிடுங்கள். பிடித்துக்கொள்ளும்.